படம் எடுத்தவர்

மலை ஏறுகிறவர்கள் எழுதும் புத்தகங்களை மலை ஏறாதவர்கள்தாம் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம். மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் மோரிஸ் ஹெர்ஸாக் எழுதிய 'அன்னபூர்ணா'வை மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை, ராத்திரி முழுவதும் விளக்கை அணைக்காமல். இரண்டாவது தடவை, இந்த மனிதர் நம்மை எப்படி இப்படிக் கட்டிப் போடுகிறார் என்று கதை எழுதுகிறவனுக்கு உண்டாகும் பொறாமையோடு. மூன்றாவது தடவை சந்தேகத்தோடு படித்தேன். அந்தச் சந்தேகத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1950-ல் ஒரு பிரெஞ்சுக் குழு நேபாளத்துக்கு வந்தது. தவளகிரி, அன்னபூர்ணா இரண்டில் எது வசப்படுமோ அதில் ஏறுவது என்று உத்தேசம். கையில் இருந்த தேசப்படம் தப்பு. மலையின் அடிவாரத்துக்கு வழி எது என்று தேடியே ஏப்ரலும் மே மாதத்தில் பெரும் பகுதியும் கழிந்துவிட்டன. தவளகிரி ஆகாது என்று விட்டுவிட்டு, மழைக்காலம் பிடித்துக்கொள்வதற்குள் அன்னபூர்ணாவில் அவசரமாக முகாம்கள் போட்டார்கள். ஜூன் 3-ம் தேதி தலைவர் ஹெர்ஸாக்கும் லூயி லாஷெனாலும் உச்சியில் நின்றார்கள். உயரம் 8,091 மீட்டர். அடிக் கணக்கில் 26,545. எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றின் தலையில் மனிதன் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அதுவும் பிராணவாயுப் புட்டி இல்லாமல்.

ஆனால் புத்தகத்தின் உயிர் இறங்கி வந்த கதையில்தான் இருக்கிறது. பையைத் திறக்கப் போன ஹெர்ஸாக்கின் கையுறைகள் நழுவிச் சரிவில் ஓடிவிடுகின்றன. பையில் மாற்றுக் காலுறைகள் இருக்கின்றன. அவற்றைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உயரத்தில் மூளை மந்தித்துப் போவதைச் சொல்ல இதைவிட ஒரு விவரம் வேண்டுமா? மறுநாள் புயலில் வழி தவறி, காத்திருந்து அழைத்துப் போக வந்த டெரேயும் ரெபுஃபாவும் சேர்ந்து நாலு பேரும் ஒரு பனிப் பிளவுக்குள் இரவைக் கழிக்கிறார்கள். விடிந்தால் டெரேக்கும் ரெபுஃபாவுக்கும் பனி ஒளியில் கண் போயிருக்கிறது. மற்ற இருவருக்கும் கால் போயிருக்கிறது. குருடனும் முடவனும் சேர்ந்து வழி நடந்த நம் பழங்கதை நினைவுக்கு வரும். பிறகு மழையில், கூலியாட்களின் முதுகில், வழி நெடுகிலும் டாக்டர் ஊடோ விரல்களை வெட்டிக்கொண்டே வருகிறார். ரயில் பெட்டியைப் பெருக்கும்போது குப்பையோடு விரல்களும் வெளியே போகின்றன. இந்த இடத்தில் ஹெர்ஸாக் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவழைக்க முயலவில்லை. நல்ல எழுத்தாளர்தாம், சந்தேகம் இல்லை.

என் சந்தேகம் உச்சியைப் பற்றிய அத்தியாயத்தில். அங்கே ஹெர்ஸாக் பரவசத்தில் இருக்கிறார். ஒளி, நீலம், வாழ்க்கையின் அர்த்தம் எல்லாம் ஒரே கணத்தில் கைகூடினாற்போல. லாஷெனாலோ, போகலாம், சீக்கிரம் போகலாம் என்று நச்சரிக்கிறார். படிக்கிற நமக்கு லாஷெனால் மேல் எரிச்சல் வருகிறது. ஒரு மகத்தான தருணத்தில் இந்த ஆள் ஏன் கடிகாரத்தைப் பார்க்கிறான் என்று கோபம். 'நான்' என்று சொல்லிக் கதை நடத்துவதில் உள்ள சூதே இதுதான். யாருடைய தோலுக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோமோ அவருக்குக் குறுக்கே நிற்கிறவர் நமக்கு விரோதி.

லாஷெனால் யார்? ஷாமோனியில் மலை வழிகாட்டி. மற்றவர்களை மலைமேல் கூட்டிப்போய்ச் சோறு தின்கிறவர். ஹெர்ஸாக்குக்குப் பாரிஸில் கம்பெனி உத்தியோகம் இருந்தது. லாஷெனாலுக்குக் கால்தான் உத்தியோகம். ஏறும்போதே பூட்ஸைக் கழற்றிக் கழற்றிக் கால்களைத் தேய்த்துக்கொண்டே போகிறார். நான் திரும்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தலைவரைக் கேட்கிறார். தனியாகப் போவேன் என்று பதில் வருகிறது. அப்படியானால் நானும் வருகிறேன் என்கிறார். ஹெர்ஸாக்கின் புத்தகத்தில் இது இரண்டு மனம் ஒன்றாகிவிட்ட கட்டம். லாஷெனாலின் சொந்தக் குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறது: அவர் தனியாக இருந்தால் திரும்பியிருப்பார். தலைவர் தனியே போனால் உயிரோடு வரமாட்டார் என்று பட்டது, அதனால் போனார். தேசத்தின் பெருமைக்காக அல்ல, கூட ஏறுகிறவனைக் கைவிடக் கூடாது என்பதற்காக.

இந்தக் குறிப்பு உலகத்துக்குத் தெரியவந்த கதை இன்னும் வேடிக்கை. புறப்படும்போதே குழுவினர் எல்லோரும், ஐந்து வருஷத்துக்கு எதுவும் எழுதி வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹெர்ஸாக்கின் புத்தகம் 1951-ல் வந்தது. கால் விரல்கள் அத்தனையையும் இழந்த லாஷெனால் 1955 நவம்பரில், பனிச்சறுக்கில் போகும்போது பிளவில் விழுந்து இறந்தார். வயது முப்பத்து நான்கு. அடுத்த வருஷம் அவருடைய குறிப்புகள் புத்தகமாயின. பதிப்பித்தவர் ஹெர்ஸாக்கின் சகோதரர். கசப்பான பகுதிகள் அதில் இல்லை. முழு வடிவம் 1996-ல்தான் வெளிவந்தது.

அதற்குப் பிறகு ஹெர்ஸாக்கைப் பொய்யர் என்று சொல்லக்கூடியவர்கள் உண்டானார்கள். நான் சொல்ல மாட்டேன். பேனா பிடிக்க விரல் இல்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வாயால் சொல்லி எழுதுவித்த புத்தகம் அது. அத்தனை விரல்களையும் கொடுத்து வாங்கிய உச்சியை அவர் எப்படிச் சாதாரணமாகப் பார்க்க முடியும்? பரவசம் நிஜம்தான் என்று நம்புகிறேன். ஆனால் அந்த ஐந்து வருஷக் கையெழுத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நாவலில் ஒரு பாத்திரத்தை ஊமையாக வைப்பது ஆசிரியரின் இஷ்டம். உயிரோடு நொண்டிக்கொண்டிருக்கிறவரை ஊமையாக வைத்து, அவரையே பாத்திரமாக்குவது வேறு காரியம். இதில் நமக்குத்தான் நஷ்டம். உச்சியில் கொடியோடு நிற்கும் ஹெர்ஸாக்கின் படம் உலகம் முழுவதும் பரவியது. அதை எடுத்தவர் லாஷெனால். அவர் அந்த நிமிஷத்தில் என்ன நினைத்தார் என்பதுதான், என் அபிப்பிராயத்தில், அந்த மலையில் நடந்த பெரிய கதை. அதை எழுத வேண்டியவர் எழுதவிடப்படவில்லை.

மூன்றாவது தடவை படித்தபோது லாஷெனால் வரும் இடங்களை மட்டும் தேடிப் படித்தேன். ஓரிடம், சில வரிகள்தான். முன் இரண்டு தடவையும் தாண்டிப் போயிருக்கிறேன். உச்சியிலிருந்து வந்த இரவு, கூடாரத்தில் டெரே விடிய விடிய லாஷெனாலின் கால்களை அடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் வீங்கிப்போன அந்தக் கால்கள் பூட்ஸுக்குள் நுழையவில்லை. டெரேயும் வழிகாட்டிதான். தம்முடைய பெரிய பூட்ஸைக் கழற்றி லாஷெனாலுக்கு மாட்டிவிட்டு, அவருடைய சின்ன பூட்ஸைக் கத்தியால் கீறித் தம் கால்களை அதற்குள் திணித்துக்கொள்கிறார்.