பந்து யார் காலில்?

பெண்கள் கால்பந்தைப் பொறுத்தவரையில் 2019 நினைவில் வைக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டு மே திங்களில், மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் லூதியானா நகரில் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்ற கணக்கில் வென்று, இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை முதன்முறையாகத் தமிழகத்துக்குக் கொணர்ந்தது. ஜூன் திங்களில், முப்பது இலட்சம் மக்கள்கூட இல்லாத ஜமைக்கா என்னும் தீவு நாட்டின் பெண்கள், பிரான்சில் நடைபெற்ற உலகக் கோப்பையில் களமிறங்கினர். கரீபியன் தீவுகளிலிருந்து பெண்கள் உலகக் கோப்பைக்குச் சென்ற முதல் அணி அது. அக்டோபர் 25ஆம் நாள், தீபாவளியையொட்டி, அட்லீயின் இயக்கத்தில் 'பிகில்' திரைப்படம் வெளிவந்தது. முதலிரண்டு நிகழ்ச்சிகளையும் அறிந்தோர் நம்மிடையே சிலர். மூன்றாவதை அறியாதார் அநேகமாக இலர்.

படம் வந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. ஆரவாரம் அடங்கிய பின் ஒரு படைப்பை மீண்டும் எடுத்துப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. அதன்மேல் கொட்டப்பட்ட புகழும் வசையும் வடிந்துபோய், அது எதைச் சொல்ல முயன்றது, எதைச் சொல்லாமல் விட்டது என்பவை மட்டும் எஞ்சி நிற்கும். தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி ஒன்றை நடுவில் வைத்து, இத்தனை பெரும் பொருட்செலவில், இத்தனை பெரிய நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட படம் வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை. ஆதலின் அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் முறையன்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். கால்பந்து ஆடும் பெண் என்பவள் நம் பெரும்பான்மை இல்லங்களில் கற்பனைக்கும் எட்டாதவளாய் இருந்தாள். அவளை மூன்று மணி நேரத் திரைக்கதைக்குள் கொண்டுவந்து, குழந்தைகள் முதல் பாட்டிமார் வரை அனைவரும் அவளுக்காகக் கைதட்டுமாறு செய்தது சிறு செயலன்று. அமில வீச்சுக்கு ஆளான அனிதா முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் ஒடுங்கியிருப்பதும், மணமான காயத்ரி அடுக்களைக்கும் ஆடுகளத்துக்கும் இடையில் சிக்கித் தவிப்பதும் பொய்யான துயரங்கள் அல்ல. இவ்விரு பாத்திரங்களிலும் நடித்த ரெபா மோனிகா ஜானும் வர்ஷா பொல்லம்மாவும் தங்களுக்குக் கிடைத்த சில நிமிடங்களை வீணாக்கவில்லை. ரகுமானின் இசையைப் பற்றி நாம் புதிதாய்ச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சிக்கல் படத்தின் பெயரிலேயே தொடங்குகிறது. 'பிகில்' என்பது சென்னைப் பேச்சுவழக்கில் சீழ்க்கையைக் குறிக்கும் சொல். நாயகன் மைக்கேலின் பட்டப்பெயரும் அதுவே. பெண்களின் காலில் உள்ள பந்தைக்கொண்டு படத்துக்குப் பெயர் அமையவில்லை. ஓர் ஆணின் பெயராகிய ஊதலைக்கொண்டு அமைந்தது. இது தற்செயலன்று. முதற் பாதியின் பெரும்பகுதி மைக்கேலுக்கும் அவன் தந்தை இராயப்பனுக்கும் உரியது. (நம் முன்னோர் புனித பேதுருவை இராயப்பர் என்றே அழைத்தனர். அந்தப் பழம்பெயரைத் திரையில் கேட்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. அப்பெயருக்குரியவர் கையில் கத்தியைப் பார்த்ததும் அது சற்றுக் குறைந்தது என்பதையும்தான். ஆயினும் ஒலிவத் தோட்டத்தில் வாளை உருவியவரும் அந்த இராயப்பரே அல்லவா!) தந்தைக்கும் மகனுக்கும் உரிய காதல், பகை, பழி அனைத்தும் சொல்லி முடிக்கப்பட்ட பிறகே அணி தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. முறையான பயிற்சியாளர் தாக்கப்பட்டுப் படுக்கையில் விழ, மைக்கேல் அவ்விடத்துக்கு வருகிறான். வீராங்கனையர் முதலில் அவனை ஏற்க மறுக்கின்றனர். படம் முழுவதிலும் அவர்கள் தாங்களாகவே எடுக்கும் முடிவு ஏறக்குறைய அது ஒன்றுதான். கதை அதையும் விரைந்து மாற்றிவிடுகிறது. அனிதாவை அறையிலிருந்து மீட்பவன் மைக்கேல். காயத்ரியின் வீட்டாரிடம் வாதாடுபவனும் அவனே. பெண்களுக்குத் துன்பம் அளிக்கப்பட்டிருக்கிறது. அத்துன்பத்துக்கான விடை மட்டும் ஆணின் உரையாடலில் வைக்கப்பட்டிருக்கிறது.

பாண்டியம்மாவின் காட்சியைப் பலரும் கண்டித்துவிட்டனர். இறுதி ஆட்டத்தின்போது அவளுடைய உடற்பருமனைச் சுட்டிப் பயிற்சியாளன் பலர் முன்னிலையில் இழித்துப் பேசுகிறான். அவளது சினம் ஆட்டமாக மாறுகிறது. ஆகவே இழிசொல்லும் ஓர் உத்தியாகிவிடுகிறது. அந்தச் சொல்லைவிட அதற்குக் கற்பிக்கப்படும் நியாயமே நம்மை வருத்துகிறது. விளையாட்டுப் பயிற்சி என்பது பல ஆண்டுகள் பொறுமையோடு தசைக்கும் மூளைக்கும் கற்பிப்பது. ஒரு வசைமொழியால் திறன் பிறப்பதாயின், நம் தெருக்களில் வளரும் பெண் குழந்தைகள் அனைவரும் இந்நேரம் உலகக் கோப்பையை வென்றிருக்க வேண்டும்.

மற்றொரு குறையைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜாக்கி ஷெராப் ஏற்றிருக்கும் சர்மா என்ற கால்பந்துச் சங்கத் தலைவரே படத்தில் அணிக்கு எதிராக நிற்பவர். மைக்கேலின்மேல் அவருக்கு உள்ள பழைய பகையே அணியின் துன்பங்களுக்கு வேராகக் காட்டப்படுகிறது. உண்மையில் பெண்கள் கால்பந்தை வாட்டுவது இத்தகைய பகையன்று. பகைகொள்ளும் அளவுக்குக்கூட அவர்களை யாரும் பொருட்படுத்தாமையே. ஆடுகளம் இல்லை, போட்டிகள் குறைவு, ஆட்டம் முடிந்தபின் பிழைப்புக்கு வழியில்லை என்னும் குறைகளுக்கு முகம் கிடையாது. முகமில்லாத ஒன்றை வில்லனாக்குவது கடினம் என்பது மெய்தான். ஆயினும் 'சக் தே இந்தியா' (2007) அதை ஓரளவு செய்து காட்டியது. அங்கும் பயிற்சியாளர் ஆண்தான். படத்தின் பெருநட்சத்திரமும் அவர்தான். எனினும் கோமலுக்கும் பிரீத்திக்கும் இடையிலான போட்டி அவ்விருவருக்கே உரியது. இறுதி ஆட்டத்தில் கோமல் பந்தைத் தானே அடிக்க முயலாமல் பிரீத்திக்குத் தள்ளிவிடும் அந்த நொடியைப் பயிற்சியாளரின் எந்த உரையும் உண்டாக்கவில்லை. அவள் உள்ளம் உண்டாக்கியது. 'பிகில்' படத்தில் அத்தகைய நொடி ஒன்றை நாம் தேடினோம். திரையரங்கில் எழுந்த சீழ்க்கைகள் எங்கே எழுந்தன என்பதையும் நோக்கினோம். நாயகன் நடந்து வருகையில் கூரை அதிர்ந்தது. பெண்கள் அடித்த கோலுக்கு அதில் பாதிகூட இல்லை.

ஆணொருவன் வழிநடத்தாமல் பெண்கள் அணி வெல்லுமா, கதைக்காகச் செய்ததைக் குறையாகச் சொல்லலாமா என்று கேட்போர் இருப்பர். அதே 2019இல் சேது அணியின் தலைமைப் பயிற்சியாளராக நின்று கோப்பையை வென்றவர் அமிர்தா அரவிந்த் என்னும் பெண். இந்திய நாட்டு அணிக்கு அப்போது பயிற்சியளித்தவர் கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி, அவரும் பெண்ணே. அவருடைய பொறுப்பில் இந்திய அணி அவ்வாண்டு மார்ச்சு திங்களில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பையை வென்றது. வாழ்க்கை ஒன்றைச் செய்துகொண்டிருந்த அதே வேளையில் திரைப்படம் அது நடவாததென்று கற்பனை செய்துகொண்டிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுவையிலிருந்து தெற்கே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் இணைந்திருக்கும் அந்நகரின் கடற்கரைச் சிற்றூர்களை 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எவ்வாறு சூறையாடியது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. அன்று சோற்றுப் பொட்டலங்களோடு அங்கே ஓடியவர்கள் இன்றும் நம் பங்குகளில் இருக்கின்றனர். அதன்பின் ஆதரவிழந்த சிறுமியர் உள்ளிட்ட ஏழைப் பெண் குழந்தைகள் பலர் அந்நகரில் கால்பந்து கற்றனர். அவர்களுக்குக் கற்பித்த மாரியப்பனின் பெயரை இதழ்கள் பாராட்டி எழுதியுள்ளன, அப்பாராட்டு தகும். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழக அணி 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றுவரை சென்றது. அவ்வாண்டு பிப்ரவரியில் கட்டாக் நகரில் தமிழ்நாட்டு அணி, பல்லாண்டுகள் அசைக்க முடியாதிருந்த மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது.

கடலூர் தந்த வீராங்கனையருள் இந்துமதி கதிரேசன் முதன்மையானவர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் வங்கதேசத்துக்கு எதிரான தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 3–1 என்று வென்றபோது மூன்றாவது கோல் அவருடையது. நடுக்களத்தில் நின்று ஆட்டத்தின் போக்கை அறிந்து பந்தைப் பகிர்ந்தளிப்பது அவர் பணி. நடுக்கள வீரர் எதிராளியைக் கண்டபின் சிந்திப்பதில்லை. பந்து வருமுன்பே, அது வந்தால் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். இதைத்தான் நம் கதைகள் காட்டத் தவறுகின்றன. கடலூர்ப் பெண்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆழிப்பேரலையில் தொடங்கி ஒரு புரவலரின் கருணையில் முடிந்துவிடுகிறது. இடையில் அப்பெண் தானே சிந்தித்து எடுத்த ஆயிரம் முடிவுகளுக்கு அதில் இடமில்லை. அவள் காப்பாற்றப்பட்டவளாகவே நிலைத்துவிடுகிறாள்.

கருணையை நாம் குறைத்துப் பேசவில்லை. இவ்விதழில் அப்படிப் பேசுவது பொருந்தவும் செய்யாது. ஆனால் கொடை வேறு, கடன் வேறு. ஆடத் தெரிந்த பெண்ணுக்கு ஆடுகளமும் காலணியும் ஊதியமும் தருவது சங்கங்களும் அரசும் பட்டிருக்கும் கடன். அக்கடன் தீர்க்கப்படாத இடத்தில் நல்லவர் ஒருவர் வந்து கொடை அளிக்கிறார். கதை சொல்லுவோர் கொடையாளியைக் கண்டு உருகி நிற்கையில், கடன்பட்டவர் ஓசையின்றி நழுவிவிடுகிறார். 'பிகில்' செய்தது இதுவே.

ஜமைக்கா இதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் பணமில்லை என்று பெண்கள் அணியைக் கைவிட்டிருந்தது. 2014இல் பாப் மார்லியின் மகள் செடெல்லா முன்வந்து நிதி திரட்டி அவ்வணியை எழுப்பினார். 2018 அக்டோபரில் பனாமாவைப் பெனால்டி உதைகளில் வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். உலக ஏடுகள் மார்லியின் பெயரைச் சொல்லி மகிழ்ந்தன. கதை அழகாகவே இருந்தது. பிரான்சில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றனர். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹவானா சோலன் அடித்தது மட்டுமே அவர்களுடைய ஒரே கோல். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூன் திங்களில், அடுத்த உலகக் கோப்பைக்குப் புறப்படும் தறுவாயில் வீராங்கனையர் தாங்களே ஓர் அறிக்கை வெளியிட்டனர்: பயண ஏற்பாடும் பயிற்சியும் உணவும்கூடச் சரியில்லை என்று தங்கள் சங்கத்தை வெளிப்படையாகக் குறைகூறினர். ஒரு வீராங்கனையின் தாய் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அந்த நிலையில் ஆடச் சென்ற அணி பிரான்சையும் பிரேசிலையும் கோலின்றிச் சமன்செய்து, பனாமாவை 1–0 என்று வென்று, முதற்சுற்றில் ஒரு கோல்கூட வாங்காமல் அடுத்த சுற்றுக்குச் சென்றது. பிரேசில் வீடு திரும்பியது. பின்னர் கொலம்பியாவிடம் ஒரு கோலில் தோற்றது. நமக்கு அந்த அறிக்கை, ஆட்டங்களைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 2019இல் அவர்கள் பிறர் சொல்லும் கதையில் இருந்தனர். 2023இல் தங்களுக்கு வரவேண்டியது இன்னதென்று தாமே எழுதிக் காட்டினர்.

அத்தகைய அறிக்கை ஒன்றை 'பிகில்' அணியினர் எழுதுவதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்த்தோம். யார் எழுத்தில் அது அமையும்? தலைவி தென்றல் எழுதுவாளா, காயத்ரி எழுதுவாளா? விடை கிடைக்கவில்லை. அவர்களுடைய காயங்கள் நமக்குத் தெரியும். சினமோ நகைச்சுவையோ தங்களுக்குள் கொண்ட பிணக்கோ தெரியாது. எழுதுகோலை எடுத்தால் என்ன எழுதுவார்கள் என்பதை அறியுமளவுக்கு இயக்குநர் அவர்களோடு நமக்குப் பழக்கம் உண்டாக்கவில்லை.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நாடெங்கும் ஆடுகளங்கள் பூட்டப்பட்டன. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அவர் காக்கி உடையும் முகக்கவசமும் அணிந்து சென்னைத் தெருக்களில் பணிபுரிந்தார். 'பிகில்' வெளிவந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அவ்வழியே சென்று, அடையாள அட்டையைக் காட்டி, மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லிக் கடந்தவர்களில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பர். எதிரே நிற்பவர் இந்தியாவுக்காக இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர் என்பதை அறிந்தவர் எத்தனை பேரோ!