தீமிதியைக் கண்டவர்களும் படுகளத்தைக் கண்டவர்களும்

நெய்வேலியைச் சுற்றியுள்ள பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் கோடை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் வீழும் படுகளம், மாலையில் தீமிதி. இந்த மண்ணின் வழிபாடுகளை வெளியார் எழுதத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர்கள் எழுதியதை வரிசையாகப் படித்தால், ஊராரிடம் கேட்டவர்களின் எழுத்து ஒரு வகையாகவும், வேடிக்கை பார்த்தவர்களின் எழுத்து வேறு வகையாகவும் இருக்கிறது.

கேட்டவர்களில் முந்தியவர் தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்கு. தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, வந்த பதில்களைத் திரட்டினார். ஐயனார், எல்லம்மன், பிடாரி, அங்காளம்மன் எனக் கிராம தெய்வங்களுக்கும் இடம் தந்து 1713இல் அவர் எழுதிய நூலை ஜெர்மனியிலிருந்த மேலிடம் விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர்தான். ஆனாலும் நம்மவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் தர்மராஜாவுக்கும் திரௌபதிக்கும் நடக்கும் பதினெட்டு நாள் நெருப்புத் திருநாள் வருகிறது. குழந்தையை ஏந்தியபடியும் வாளும் ஈட்டியும் பிடித்தபடியும் தீயில் இறங்கியவர்களை அவர் காட்டுகிறார். மானிடவியலாளர் ஃபிரேசரின் ‘பொற்கிளை’ வழியாக அந்தக் குறிப்பு உலகமெங்கும் போனது. போனது நெருப்புதான், பாரதம் அல்ல.

சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். 1906இல் வந்த நூலில் தீமிதிக்கும், முதுகில் கொக்கி மாட்டித் தொங்கும் செடிலுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கினார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த ஏழு தொகுதிகளில் உதவியாளர் கே. ரங்காச்சாரியின் பெயரும் இருக்கிறது. தகவல் ஏராளம்; சொன்னவரின் குரல்தான் அரிது. பிஷப் ஒயிட்ஹெட்டின் கிராம தெய்வங்கள் நூலிலும் (1916) பலி விவரம் நிறைய உண்டு, பரிவு குறைவு.

நிலைமையை மாற்றியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல். 1970களில் தொடங்கி, செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்துக் கூத்துக்காரர்களையும் பாரதப் பிரசங்கிகளையும் தேடிப்போய்க் கேட்டார். 1988இலும் 1991இலும் வந்த அவருடைய இரு தொகுதிகளில், அம்மனுக்குக் காவல் நிற்கும் போத்துராஜாவும் முத்தால ராவுத்தரும் முழு உருவோடு வருகிறார்கள். இந்து அம்மனுக்கு முஸ்லிம் காவல்காரர்! முன்பு எழுதியவர்களிடம் கதையாக விரியாத உறவு இது.

படுகளமும் அவர் எழுத்தில் உரிய இடம் பெறுகிறது. மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு மண்ணால் செய்வார்கள். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும். சபதம் நிறைவேறித் திரௌபதி கூந்தல் முடிவாள். கூட்டம் முண்டியடித்து அந்த மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போகும், விளைச்சலும் நலமும் வேண்டி. தீமிதி அதன் பிறகுதான்.

தமிழில் நா. வானமாமலையும் அவர் 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழும் நாட்டார் வழக்காறுகளுக்குக் கல்வி மதிப்பைத் தேடித்தந்தன. அவர் களம் பெரிதும் தெற்கு. வடக்கத்திக் கூத்தை நவீன நாடகக்காரர்களின் கண்ணில் நிறுத்தியவர் ந. முத்துசாமி.

நெய்வேலிக்கு இந்தத் துறையில் தனிக் கணக்கு உண்டு. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது, 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. நகரியத்துக்குள் வேலுடையான்பட்டு முருகன் வில்லும் அம்புமாக நிலைத்தார், பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் வருகின்றன. எல்லாத் தெய்வத்துக்கும் அப்படி வாய்க்காது. படுகளத்துக்கு ஊர்ப் பொதுநிலம் வேண்டும். கரகம் எடுப்பவர், காப்புக் கட்டுபவர், பம்பை அடிப்பவர் என்று குடும்பம் குடும்பமாக உரிமை வேண்டும். ஊர் பிரிந்தால் அந்த உரிமை யாரிடம் போகிறது?

சுரங்கம் தொடங்கிய நாளில் பதினைந்து வயதுப் பிள்ளையாகக் கூத்துப் பார்த்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கோயில் எந்த மேட்டில் இருந்தது, காப்புக் கட்டியது எந்த வீட்டார், எந்தக் கூத்து ஜமாவுக்குப் பாக்கு வைத்து அழைத்தார்கள், இடம் மாறியபோது அம்மனை யார் சுமந்து வந்தார்கள் என்பதெல்லாம் அவரிடம் கேட்க வேண்டியவை. பதிலோடு, சொன்னவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும்.