பதினோராவது குடிலின் தரை

சிறுவயதில் விரும்பிப் படித்த புத்தகத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. நம்மில் பலர் அதை ஞாபகக் கட்டுரையாக எழுதித் தப்பித்துக்கொள்கிறோம். ரிக் ரியோர்டனின் பெர்ஸி ஜாக்ஸன் வரிசையில் முதல் ஐந்து நாவல்களை (2005-2009) நான் 13 வயதில் படித்தேன். 10 வருஷங்கள் கழித்து, காஃப்காவும் போர்ஹேஸும் படித்த பிறகு, மறுபடி படித்தேன். பல பகுதிகள் சுருங்கித்தான் போயிருந்தன. ஒன்றிரண்டு சுருங்கவில்லை. அது ஏன் என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுருங்கிப் போனது மேற்பரப்பு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில், இல்லாத 600-வது மாடியில், ஒலிம்பஸ் இருக்கிறது. பாதாள லோகத்தின் வாசல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஒலிப்பதிவு நிலையம். மெடூஸா நியூ ஜெர்ஸியில் சாலையோரக் கடை போட்டுச் சிலைகள் விற்கிறாள். முதல் தடவை சிரிப்பு வருகிறது. இரண்டாம் தடவை, கிரேக்கப் பெயர் ஒன்று, அமெரிக்கக் கடைப்பலகை ஒன்று என்று சேர்த்துவைக்கும் சூத்திரம் கண்ணில் படுகிறது. இது புராணத்துக்குச் சட்டை மாற்றுவது. புராணத்தைக் கொண்டு யோசிப்பது அல்ல.

ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எழுத்துக்கள் குழம்பும், கவனம் நிலைக்காத தன் மகனுக்கு இரவில் கிரேக்கக் கதைகள் சொல்லி, அவை தீர்ந்துபோனபின் இந்தக் கதையைக் கட்டினார். ஆகவே பெர்ஸிக்கும் எழுத்துக்கள் மிதக்கின்றன. அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது என்பது நாவல் தரும் காரணம். அவனுடைய அமைதியின்மையும் போர்க்களத்துக்கான துடிப்பாம். ஒரு தகப்பனின் அன்பாக இது என்னைத் தொடுகிறது. இலக்கியமாக இதை நான் சந்தேகிக்கிறேன். குறை குலச்சான்றாக மாற்றப்படுகிறது. தேவனைத் தகப்பனாகப் பெறாமல், எழுத்து மட்டும் குழம்புகிற பையனுக்கு இந்த ஆறுதலில் பங்கு கிடையாது.

ஆனால் புராணம் உள்ளிருந்தே மாற்றப்படும் இடங்களும் உண்டு. மூலக்கதையில் பெர்ஸியஸின் தாய் டானாயீயை மன்னன் பொலிடெக்டீஸ் துன்புறுத்துகிறான். மகன் மெடூஸாவின் தலையைக் காட்டி அவனைக் கல்லாக்குகிறான். இங்கே பெர்ஸியின் தாய் சாலியை அடிக்கிறவன் அவளுடைய கணவன். பெர்ஸியிடம் அதே தலை இருக்கிறது. அவன் அதைப் பிரயோகிக்காமல் தாயிடம் விட்டுவிட்டுப் போகிறான். காரியத்தை அவளே முடிக்கிறாள். கணவன் காணாமல் போனதாகப் புகார் செய்கிறாள். கல்லானவனைச் சிற்பமென்று விற்று அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போகிறாள். கேலியாகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் தண்டிக்கும் தீர்மானம் வீர மகனிடமிருந்து, அடி வாங்கியவளின் கைக்கு மாறியிருக்கிறது. வெறும் இடமாற்றத்தால் நேர்கிற மாற்றமில்லை இது.

இதைவிட ஆழமான இடம் லாங் ஐலண்ட் முகாம். தேவர்கள் மனிதர்களிடம் பெற்ற பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். 12 தேவர்களுக்கு 12 குடில்கள். பெர்ஸி வரும்போது ஸ்யூஸ், போஸைடன் இருவருடைய குடில்களும் காலி. இனிப் பிள்ளை பெறுவதில்லை என்று அவர்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் சத்தியம் செய்திருக்கிறார்கள். ஹீராவின் குடில் மரியாதைக்குக் கட்டியது. ஆர்டெமிஸ் கன்னித் தெய்வம். அவள் குடிலிலும் ஆளில்லை. ஆக நான்கு வீடுகள் காலியாகக் கிடக்க, பதினோராவதான ஹெர்மஸின் குடிலில் மட்டும் நிற்க இடமில்லை. அவனுடைய பிள்ளைகளோடு, இன்னார் பிள்ளை என்று எந்தத் தேவனும் ஒப்புக்கொள்ளாத பிள்ளைகளும் அங்கேதான் தங்குகிறார்கள். பெர்ஸிக்கும் முதலில் கிடைப்பது தரையில் கொஞ்சம் இடம். காலியான வீடுகளை யாரும் திறந்துவிடுவதில்லை. ரியோர்டனும் இதை அழுத்திச் சொல்வதில்லை. 13 வயதில் இது எனக்கு வேடிக்கையான நெரிசல். இப்போது என்னால் சிரிக்க முடியவில்லை. பெற்றுவிட்டு மறந்துபோகும் தேவர்களின் பழைய குணம், ஒரு பிள்ளை ஒவ்வொரு இரவும் எங்கே படுப்பது என்ற பிரச்னையாக ஸ்தூலமாகிவிட்டது.

இந்தக் குறை கிரேக்கர்களுக்கே தெரிந்ததுதான். கி.மு. 5-ம் நூற்றாண்டில் யூரிப்பிடீஸ் எழுதிய 'அயோன்' நாடகத்தில் அப்போலோவின் மகன், தன் பிறப்பு தெரியாமல், அந்தத் தேவனின் கோவிலிலேயே ஊழியம் செய்கிறான். நாடக முடிவில் அப்போலோ நேரில் வருவதில்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சி அதீனாவை அனுப்புகிறான். தேவனின் வெட்கத்தை அவன் வராமலிருப்பதன் மூலமே காட்டிவிடும் அந்த நுட்பம் ரியோர்டனிடம் இல்லை. கேள்வி அதே கேள்விதான்.

அதைக் கேட்பவன் ஹெர்மஸின் மகன் லூக். தேவர்கள் பிள்ளைகளைக் கருவிகளாகவே வைத்திருக்கிறார்கள் என்ற அவன் குற்றச்சாட்டுக்கு ஐந்து நாவல்களிலும் பதில் இல்லை. ஆசிரியர் செய்திருப்பது, சரியான வார்த்தைகளைத் துரோகியின் வாயில் வைத்ததுதான். பிள்ளைகளை மறந்த தகப்பன்மாருக்கு எதிராகக் கிளம்பிய லூக் போய்ச் சேரும் இடம், பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய க்ரோனஸ். எவ்வளவு பெரிய விபரீதம்! இந்த இடத்தில் நின்று யோசித்திருந்தால் நாவல் வேறு தளத்துக்குப் போயிருக்கும். ரியோர்டனுக்கு அடுத்த சண்டைக்கு நேரமாகிவிடுகிறது. கடைசியில் லூக் தன்னையே குத்திக்கொண்டு க்ரோனஸை வீழ்த்துகிறான். பெர்ஸி, தேவர்கள் தர முன்வந்த சாகாவரத்தை மறுத்து, 13 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும், சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் குடில் வேண்டும் என்று ஸ்டிக்ஸ் நதியின் மேல் சத்தியம் வாங்குகிறான். இது வெறும் மனுக் கொடுத்தல்தானே என்று கேட்கலாம். சிம்மாசனங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் சிம்மாசனத்தில் பங்கு கேட்காமல் மற்றவர்களுக்குப் படுக்க இடம் கேட்கும் கதாநாயகனை இந்த வகை நாவல்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. முதல் நாவலில் குதிரையுடல் கொண்ட ஆசான் கைரான், மேற்கத்திய நாகரிகம் ஒரு நெருப்பென்றும், அது கிரீஸிலிருந்து ரோமுக்கும், பின் ஐரோப்பிய நாடுகளுக்கும், இப்போது அமெரிக்காவுக்கும் நகர்ந்திருக்கிறதென்றும், தேவர்கள் அதன் கூடவே நகர்கிறார்கள் என்றும் பாடம் நடத்துகிறார். நெருப்புக்கு வெளியே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பெர்ஸி கேட்பதில்லை. 13 வயதில் நானும் கேட்கவில்லை. எனக்குப் பங்கில்லாத நெருப்பு அது. அந்தப் பக்கத்தைக் குஷியாகத் திருப்பிவிட்டு மேலே போயிருக்கிறேன். இப்போது அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பின் எந்த வழியாக அந்த உலகத்துக்குள் போனேன்? 600-வது மாடிக்குப் போகும் லிஃப்ட் வழியாக இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். ஹெர்மஸ் வழிப்போக்கர்களின் தெய்வம். அவன் குடிலில் யாரையும் இன்னார் பிள்ளையா என்று விசாரித்துச் சேர்ப்பதில்லை. நான் படுத்திருந்தது அந்தத் தரையில்தான். ஆசிரியரின் சரித்திர ஞானத்தைவிட அவர் கட்டிய அறை விசாலமானது என்பதற்கு என்னிடம் இதைத் தவிர வேறு அத்தாட்சியில்லை.

இன்று 13 வயதுப் பிள்ளை கேட்டால் இந்தப் புத்தகங்களைக் கொடுப்பேன். கைரான் பாடம் நடத்தும் அந்தப் பக்கத்தை மட்டும் கூட உட்கார்ந்து படிப்பேன்.