விலை வீழ்ந்ததாம்!

கடைப் பலகையிலே பொறிக்கப்படும் வாசகமும் ஓர் எழுத்தே. எழுதியவன் யார், யார் நலனுக்காக எழுதினான், எதனை மறைத்தான் என வினவும் உரிமை வாசகனுக்குண்டு. கவிதையும் நாவலுமே விமர்சனத்துக்குரியன எனக் கருதும் பண்டிதர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக.

அவுஸ்திரேலியாவின் பேரங்காடி விற்பனையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு வூல்வேர்த்ஸ், கோல்ஸ் என்னும் இரு நிறுவனங்களின் கையிலுள்ளது. முன்னதன் 266 பொருள்களிலும் பின்னதன் 245 பொருள்களிலும் காணப்பட்ட விலைக்குறைப்பு வாசகங்கள் பொய்யானவையென, அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2024 செப்டெம்பரில் வழக்குத் தொடுத்தது. அது காட்டிய உதாரணங்களுள் ஒன்று வூல்வேர்த்சில் விற்ற ஓரியோ பிஸ்கற் பொதி. ஏறக்குறைய ஈராண்டுகள் 3.50 டொலருக்கு விற்ற பொதி, 2022 இன் இறுதியில் 22 நாட்களுக்கு மட்டும் 5 டொலராயிற்று. பின்னர் 4.50 டொலர் எனக் குறித்து, ‘விலை வீழ்ந்தது’ என்னும் பொருள்பட எழுதிவைத்தனர். விலையை ஏற்றுமுன்னரே இறக்கமும் திட்டமிடப்பட்டிருந்தது என்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு.

ஐந்திலிருந்து நாலரைக்கு வீழ்ந்தது மெய்தான். மூன்றரை எங்கே போயிற்று? வாசகத்தின் சாமர்த்தியம் முழுவதும் அந்த மௌனத்திலேயே உள்ளது. ‘வீழ்ந்தது’ என்பது தன்வினை. வீழ்த்தியவனும் இல்லை, முன்னர் உயர்த்தியவனும் இல்லை. (இலக்கணம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பிலே எடுத்தாளலாம்.)

விலையேற்றத்துக்குக் காரணங் கேட்டபோது மட்டும் எழுவாய் ஒன்று தோன்றிற்று: வழங்குநர்! அவர்கள் விலை கூட்டிக் கேட்டனர் என்றது கோல்ஸ். கேட்டிருக்கலாம், செலவுகள் உயர்ந்த காலந்தான் அது. ஆயினும் ஏற்றத்தின் பழி வழங்குநருக்கும் இறக்கத்தின் புகழ் அங்காடிக்குமாகப் பங்கிடப்படுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அதே கோல்ஸ், தனக்கு உரித்தற்ற கொடுப்பனவுகளை வழங்குநரிடம் கோரியமைக்காகவும், இணங்காதோரை அச்சுறுத்தியமைக்காகவும் 2014 டிசெம்பரில் சமஷ்டி நீதிமன்றத்தால் ஒரு கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்ட நிறுவனமாகும்.

வழங்குநரைக் காக்கவென 2015 இல் இயற்றப்பட்ட நடத்தைக்கோவை, விரும்பிய நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்திற்று. பழிவாங்கப்படுவோம் என்ற அச்சத்தால் வழங்குநர் முறையிடத் தயங்கினர் என்பதை 2024 இல் கிறெய்க் எமெர்சன் நடத்திய மீளாய்வு எடுத்துக்காட்டிற்று. 2025 ஏப்ரில் 1 முதல் கோவை கட்டாயமாயிற்று. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் விளைச்சலை வாங்க இரு பெருங்கடைகளையே நம்பியிருக்கும் தோட்டக்காரன், அவற்றுள் ஒன்றின்மீது முறையிட்ட மறுநாளும் தன் தக்காளியை அதே வாசலுக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.