பட்டனும் பள்ளமும்

நல்ல ஏ.டி. (ஆல்-டெரெய்ன்) டயர் ஒன்றை ஷோரூம் விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு உருட்டி வரச் சொல்லி, வெயிலில் சுவரோடு சாய்த்து வைத்து, எதிரே குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். டயரின் முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்களின் நிழல் பள்ளத்தில் விழும்போதுதான் அதை வரைந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தெரியும். ரப்பரை எங்கே வைத்தார்கள், எங்கே எடுத்தார்கள், எவ்வளவு ஆழம் எடுத்தார்கள். டயரின் குணத்தில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தார் ரோட்டுக்கு ரப்பர் வேண்டும். மண்ணுக்குப் பள்ளம் வேண்டும். ஹைவே டயரில் ரப்பர் நெருக்கமாக இருக்கும். தரையை நிறையத் தொடும், சத்தம் போடாது, பிரேக் பிடித்தால் நிற்கும். மட் டயரில் பட்டன்கள் விலகி விலகி நிற்கும். சேற்றில் கடித்து ஏறும், தாரில் ஊளையிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ.டி. நடுவில் நிற்பது சுலபம் என்று தோன்றலாம். ஹைவே டயரை வரைகிறவருக்கு ஒரே கவலை, மட் டயரை வரைகிறவருக்கும் ஒரே கவலை. ஏ.டி.யை வரைகிறவருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் வழக்கு. பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் சேறு வெளியேறும், ஆனால் ஈரத் தாரில் பிரேக் நீளும். ரப்பரைக் கடினமாக்கினால் ஜல்லியில் பிய்யாது, ஆனால் மழையில் வழுக்கும். இந்த வழக்குகளைத் தீர்த்துவைத்த விதத்தில்தான் ஒரு டயருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். நான் ரசிப்பது அதைத்தான்.

சாய்த்து வைத்த டயரை மெல்லச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பட்டனும் ஒரே அளவு என்று முதலில் தோன்றும். விரலால் அளந்தால் அடுத்தடுத்த பட்டன்கள் நீளத்தில் கொஞ்சம் வேறுபடும்: ஒன்று குட்டை, அடுத்தது சற்று நீளம், பிறகு மறுபடி குட்டை, வரிசையும் சீராக இருக்காது. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் தாரில் மோதும். அந்த மோதல்கள் சேர்ந்து ஒரே சுருதியில் ரீங்காரமாக எழும். நாற்கரச் சாலையில் 90-ல் போகும்போது தலைவலி வந்துவிடும். அளவைக் கலைத்துப் போட்டால் அந்தச் சத்தம் பல சுருதிகளாகச் சிதறி, காதுக்கு வெறும் இரைச்சலாகத் தணிந்துவிடுகிறது. சத்தத்தை அழிக்க முடியாத இடத்தில் அதைக் கலைத்துவிடும் இந்த யோசனைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கை தட்டலாம்.

அடுத்து, பள்ளத்தின் அடியைப் பாருங்கள். சில டயர்களில் அங்கே சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக இருக்கும். அவை அழகுக்கு இல்லை. ஜல்லி ரோட்டில் பட்டன்களுக்கு நடுவே சிக்கும் கல் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே அழுந்தும். நாளடைவில் ரப்பரைத் துளைத்து, உள்ளிருக்கும் எஃகுப் பட்டையைத் தொடும். ஈரம் புகுந்து எஃகு துருப்பிடித்தால் டயரின் கதை முடிந்தது. அந்த மேடுகள் கல்லை அடியில் உட்கார விடாமல் வெளியே தள்ளுகின்றன. பள்ளத்தின் சுவரும் செங்குத்தாக இருக்காது, மேலே அகன்று கீழே குறுகும். அதனால் பட்டனின் அடிப்பாகம் பெருத்து, பிரேக் போடும்போது ஆடாமல் நிற்கும்.

பட்டனின் முகத்தில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் தெரியும். இவற்றுக்குச் சைப் என்று பெயர். ஈரத்தில் வழுக்காமல் இருக்கச் செருப்பின் அடியில் இப்படி வெட்டுவதற்கு அமெரிக்காவில் ஜான் சைப் என்பவர் 1923-ல் காப்புரிமை பெற்றார். நனைந்த தாரில் ஒவ்வொரு கீறலும் ஒரு புதிய விளிம்பு; விளிம்புகள்தான் தண்ணீர்ப் படலத்தை வெட்டித் தரையைத் தொடுகின்றன. ஆனால் கீறல் கூடக்கூடப் பட்டன் தளரும், கூர்க்கற்களில் துண்டு துண்டாகப் பிய்யும். நல்ல டயரில் இந்தக் கீறல் நேர்கோடாக இருக்காது. உள்ளே வளைந்து நெளிந்து ஓடும். அழுத்தம் வரும்போது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பட்டனை நிமிர்த்திப் பிடிக்கும்.

ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லில் கிழியாமல் நிற்பதற்கு இயற்கை ரப்பருக்கு ஒரு தனிக்குணம் உண்டு: இழுபடும் இடத்தில் அதன் மூலக்கூறுகள் வரிசைப்பட்டு இறுகிக்கொள்ளும், கிழிசல் மேற்கொண்டு ஓடாது. ஈரத் தாரில் ஒட்டுவதற்கு சிலிக்கா கலந்த செயற்கை ரப்பர் கைகொடுக்கும். எதை எவ்வளவு கலப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியின் ரகசியம். இந்த ரகசியங்கள் பலவும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். இன்று ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே.யும் சியட்டும், தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின் என்று சென்னையைச் சுற்றியே டயர் ஆலைகள் நிற்கின்றன.

பழைய ஜீப்புகளில் 6.00-16 அளவு நைலான் டயர் இருக்கும். தடித்த பட்டன், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே பிடி. காட்டில் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒன்று என்பதால் ராணுவத்துக்கு அது ஒத்துப்போனது. தார் ரோட்டு வேகத்துக்கு அது பிறக்கவில்லை. 1976-ல் பி.எஃப். குட்ரிச் கம்பெனி ரேடியல் அமைப்பில் ஆல்-டெரெய்ன் டி/ஏ என்ற டயரைக் கொண்டுவந்தது. மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனத்தில் 1967 முதல் நடக்கும் நெடும்பந்தயம் இந்த வகை டயர்களுக்குப் பெரிய பரீட்சைக்கூடம். பந்தயத்தில் கிழியாததை வீட்டு வண்டிக்குக் கொண்டுவருவது என்ற மரபு அங்கே வேரூன்றியது. குட்ரிச்சின் கே.ஓ.2 டயர் அந்த டி/ஏ குடும்பத்தின் வாரிசு. அதன் தோள்பட்டைப் பட்டன்கள் பக்கச் சுவர்வரை இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் பார்வைக்கு அழகான டயர் நம் வழிக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி. வழியைச் சொல்லாமல் டயரைச் சொல்ல முடியாது.

மணலை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்தில் தேரி எனும் செம்மணல் மேடுகளின் ஓரத் தடங்களில் மணல் மாவாக இருக்கும். அங்கே போகிறவர்கள் பெரிய பட்டன் வேண்டும் என்று நினைக்கிறார்கள். நிலைமை நேர்மாறு. பெரிய பட்டன் மணலைத் தோண்டும்; சக்கரம் ஒரே இடத்தில் சுற்றி அச்சுவரை இறங்கிவிடும். மணலில் மிதக்க வேண்டும், தோண்டக் கூடாது. சாதுவான பட்டனுள்ள டயர், காற்றைக் குறைத்தால், மணலில் முரட்டு டயரைவிட நன்றாக ஓடும். (தேரியில் காப்புக்காட்டு எல்லைக்குள் வண்டியை இறக்காதீர்கள். கடற்கரையிலும் வேண்டாம்; பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது.)

கரிசலில் எந்த ஏ.டி. டயரும் தோற்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு வண்டிப் பாதையில் இறங்கினால் சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள் பள்ளமெல்லாம் களியால் அடைபட்டுவிடும். பிறகு ஓடுவது மொட்டை டயர்தான். மட் டயர் அகன்ற பள்ளத்தாலும் சுற்றும் வேகத்தாலும் களியை விசிறி எறியும், அதுவும் ஓரளவுக்கு. கரிசல்காட்டு விவசாயி மழை விட்ட மறுநாள் டிராக்டரை இறக்கவே யோசிப்பார். அவர் யோசிக்கிற இடத்தில் நாமும் காத்திருப்பது நல்லது. கரிசலுக்காக மட் டயர் வாங்கி வருடம் முழுக்கத் தாரில் ஓட்டுவது வீண்.

பாறைக்குப் பட்டனைவிடப் பக்கச் சுவர் முக்கியம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் தடம் மாதிரியான வழிகளில் கூரான கல் டயரின் முகத்தில் குத்துவதைவிட விலாவில் கிழிப்பதே அதிகம். முகத்தில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் முடிந்துவிடும். விலா கிழிந்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால்தான் கே.ஓ.2 போன்றவை பக்கச் சுவரில் மூன்று அடுக்கு நூலிழையோடு வருகின்றன. அதற்கு விலை உண்டு. டயர் கனக்கும், ஓட்டம் முரடாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். பாறையில் ஏறாதவர் இந்த விலையைச் சும்மா கொடுத்துக்கொண்டிருப்பார்.

நம்மில் பெரும்பாலோர் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. மழை நாளில், இறக்கத்தில், எதிரே பஸ் திரும்பும்போது பிரேக்கை மிதிக்கிறோமே, அந்தக் கணம். சேற்றில் மாட்டினால் நேரம் போகும். ஈரத் தாரில் வழுக்கினால் உயிர் போகும். ஏ.டி. டயரை நான் முதலில் சோதிப்பது இதைக்கொண்டுதான். நடுப்பட்டை ஓரளவு மூடியிருக்கிறதா? சுற்றுவட்டமாக ஓடும் நேர்ப் பள்ளம் குறைந்தது இரண்டு இருக்கிறதா? பட்டன்களில் கீறல் அடிவரை இறங்குகிறதா, பாதி தேய்ந்ததும் மறைந்துவிடுமா? யோகோஹாமாவின் ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். பார்க்க அவ்வளவு கம்பீரமில்லை, பட்டன் அடக்கமாக இருக்கிறது. தாரில் தன்னைக் காட்டிக்கொள்ளாது, செம்மண் கிராவல் ரோட்டில் தன் வேலையைச் செய்துவிடும். கே.ஓ.2-வின் உறுதி அதில் இல்லை, கே.ஓ.2-வுக்கு அதன் சாந்தம் இல்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் டயரைப் பற்றிப் பேசுவது அரைகுறை. ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ எடை இருக்கிறது, காற்று 32 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. அப்படியானால் அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர், விரித்த கையைவிடச் சற்றே பெரிது. அவ்வளவுதான் வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவு. காற்றை 16 ஆக்கினால் கணக்குப்படி பரப்பு இரட்டிக்கும். பக்கச் சுவரும் கொஞ்சம் தாங்குவதால் நிஜத்தில் அவ்வளவு வராது. தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் அதிகமும் வளரும். மணலுக்கு அதுதான் வேண்டும். எந்த விலையுயர்ந்த பட்டனும் தராத பிடியை வால்வைத் திறந்து இரண்டு நிமிடத்தில் பெறலாம். ஒரு நிபந்தனை: குறைந்த காற்றில் மெதுவாகத்தான் போக வேண்டும், தார் ஏறியதும் நிரப்பிவிட வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

சைஸ் விஷயத்தில் நான் கறார். 2020-ல் வந்த ‘தார்’ ஜீப்பின் எல்.எக்ஸ். மாடலுக்குக் கம்பெனி கொடுத்தது 255/65 ஆர்18: அகலம் 255 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 166 மி.மீ. அளவில். போதுமான உயரம். ஜிம்னி வண்டிக்கு 195/80 ஆர்15. பலரும் அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போடுகிறார்கள். டயரின் விட்டம் 693 மி.மீ.யிலிருந்து 733-க்கு ஏறிவிடும், கிட்டத்தட்ட 6 சதவீதம். மீட்டர் அதே வேகத்தைக் காட்டினாலும் வண்டி முன்பைவிட அவ்வளவு கூடுதல் வேகத்தில் போகும். சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும், திருப்பத்தில் டயர் உள்ளே உரசும். 215/75 ஆர்15 என்றால் விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடும். மாற்றியே தீர வேண்டும் என்கிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகும் ஏ.டி.க்குக் கவனிப்பு வேண்டும். டயர் கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. "அண்ணே, சத்தம் ஏறிட்டே போகுது, பேரிங் போயிடுச்சா?" கடைக்காரர் குனிந்து பட்டன்களின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். "பேரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீயே கைய வை. இந்தப் பக்கம் வழவழன்னு போகுதா? இப்ப திருப்பித் தடவு. ரம்பம் மாதிரி பிடிக்குது பாரு." தனித்தனியாக நிற்கும் பட்டன்கள் முன்விளிம்பு ஒரு மாதிரியும் பின்விளிம்பு ஒரு மாதிரியும் தேயும். ஏ.டி.யில் இது இயல்பு. 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாற்றிப் போட்டால் தேய்மானம் சமன்படும். விட்டுவிட்டால் அந்தச் சத்தம் டயர் இருக்கும்வரை போகாது.

மலை உருவத்துக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை சில டயர்களில் இருக்கும். பனியில் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். லடாக் போகிறவருக்கு அது பயன்படும். தமிழ்நாட்டுக்குள் ஓடுகிறவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. தயாரித்த தேதியைச் சொல்லும் நான்கு இலக்கத்தை எல்லோரும் பார்க்க வேண்டும்: 2325 என்றால் 2025-ன் 23-ஆவது வாரம். வெளிநாட்டு ஏ.டி. டயர்கள் மெதுவாக விற்பதால் கிடங்கில் கிடந்தவை வரலாம். ஸ்டெப்னிக்கும் அதே சைஸ் டயரே போடுங்கள். நான்கு சக்கர ஓட்டத்தில் விட்டம் வேறுபட்டால் கியர்பாக்ஸுக்கு ஆகாது.

என் தீர்ப்பு இதுதான். வாரம் முழுக்கத் தாரில் ஓடி, எப்போதாவது தோட்டத்துக்கும் மலையடிவாரத்துக்கும் மண்பாதையில் இறங்குகிறவருக்குக் கம்பெனி சைஸிலேயே, நடுப்பட்டை மூடிய, சாதுவான ஏ.டி. போதும். பாறைத் தடத்தில் அடிக்கடி ஏறுகிறவர் மட்டும் மூன்றடுக்குச் சுவருக்குக் காசு கொடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல காற்றழுத்த மானியும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.