ஹவானா ஜங்ஷனில் தலைகீழாக ஒரு கை

புகைப்படக் கலைஞர் வில்லியம் கிறிஸ்டன்பெரி பேச்சு வந்தாலே முக்கால்வாசிப் பேர் பச்சைக் கிடங்கில்தான் ஆரம்பிப்பார்கள். அலபாமாவின் ஹேல் கவுண்டியில், நியூபெர்னில் உள்ள அந்தத் தகரக் கட்டடத்தை அவர் 1973இலிருந்து 2004 வரை திரும்பத் திரும்பப் போய் எடுத்தார். படங்களை வரிசையாக மாட்டினால் பச்சை வெளுப்பதும் துரு ஏறுவதும் தெரியும். அருங்காட்சியகங்களுக்கு அது பிடிக்கும். சுவரும் நிறைகிறது, பக்கத்தில் விளக்க அட்டை எழுதவும் வசதி. நல்ல வரிசைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவருடைய மொத்த உழைப்பையும் ஒரே ஜன்னலில் பார்க்க வேண்டுமென்றால் நியூபெர்னைத் தாண்டி அதே கவுண்டியின் ஹவானா ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும். அங்கே உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒரு கைரேகை ஜோசியப் பலகையைச் செருகிய ஜன்னல் இருந்தது. பலகையில் வரைந்திருந்த கை தலைகீழாக, விரல்கள் தரையைப் பார்த்தபடி.

அந்தக் கட்டடம் முதலில் ஒரு நாட்டுப்புறப் பலசரக்குக் கடை. கடை வைத்திருந்தவர் கிறிஸ்டன்பெரிக்குச் சின்னத் தாத்தா முறை. வியாபாரம் ஓய்ந்த பிறகு கைரேகை பார்க்கிறவர்கள் வாடகைக்கு வந்தார்கள், கொஞ்ச காலம் இருந்தார்கள், போய்விட்டார்கள். விட்டுப்போன விளம்பரப் பலகையை யாரோ எடுத்து, மழைச் சாரல் உள்ளே அடிக்காமலிருக்க ஜன்னலில் அடைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் மேலே என்றெல்லாம் பார்க்கவில்லை. ஓட்டை அடைபட்டால் சரி.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒன்றைச் சொல்வார்கள்: எதிர்காலம் சொன்ன கடைக்கே எதிர்காலம் இல்லாமல் போய்விட்டது என்று. கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிற பழம், யாருக்கும் பறிக்கத் தோன்றும். படத்தில் அந்தக் கிண்டல் இல்லை. அதை எடுத்தவருக்கு அது உறவுக்காரர் கடை. சின்ன வயதில் உள்ளே போய் வந்த இடம். கேலி செய்ய நினைத்திருந்தால் பலகையை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு நகர்ந்திருப்பார். அவரோ 1961இல் தொடங்கி கோடையிலும் குளிர்காலத்திலும் அதே கட்டடத்தின் முன்னால் போய் நின்றுகொண்டே இருந்தார். கோடைப் படத்தில் பக்கத்து மரத்தின் தழைக்குள் பாதிக் கட்டடம் மறைந்துவிடும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த கிளைகளுக்கு நடுவே பலகைச் சுவரும் கூரையும் மறுபடி வெளியே வரும். ஒவ்வொரு முறையும் கட்டடம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். 1988இல் எடுத்த படத்துக்கு 'இருந்த இடம்' என்றே தலைப்பு வைத்தார். அதில் கட்டடம் இல்லை.

அந்தக் கடைசிப் படம் இருப்பதால்தான் வரிசை முழுமையாகிறது. கட்டடம் விழுந்தவுடன் வேலை முடிந்தது என்று பெட்டியைக் கட்டாமல், வெறும் மண்ணையும் செடியையும் அதே மரியாதையோடு எடுத்துத் தேதி போட்டு வைத்தார். சொந்த ஊரை எடுக்கக் கிளம்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

வாக்கர் இவான்ஸின் ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ஹேல் கவுண்டியை உலகம் பார்த்தது இவான்ஸ் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களில்தானே என்பார்கள். மறுக்க முடியாது. 1936 கோடையில் 'ஃபார்ச்சூன்' பத்திரிகைக்காக எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் இவான்ஸும் அங்கே போய், குத்தகை விவசாயிகளின் மூன்று குடும்பங்களோடு சில வாரம் கழித்தார்கள். அதிலிருந்து பிறந்த 'லெட் அஸ் நவ் ப்ரெய்ஸ் ஃபேமஸ் மென்' என்ற நூல் 1941இல் வெளிவந்தது. அவர்கள் போன அதே ஆண்டு நவம்பரில் பக்கத்து ஊரான டஸ்கலூசாவில் பிறந்தவர் கிறிஸ்டன்பெரி. தாத்தா பாட்டிகளின் பண்ணைகள் ஹேல் கவுண்டியில். பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான். 1960இல் மறுபதிப்பு வந்தபோது பர்மிங்ஹாம் புத்தகக் கடையொன்றில் அந்த நூல் அவர் கையில் கிடைத்தது. அதில் இவான்ஸின் படங்களுக்குக் கீழே ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. ஏஜியோ உண்மைப் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருந்தார். கிறிஸ்டன்பெரி புத்தகத்தைப் பாட்டியிடம் காட்டினார். பாட்டி படத்திலிருந்தவர்களை அடையாளம் கண்டு பெயர் சொன்னார்.

இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில் வெளிச்சமாகிவிடுகிறது. இவான்ஸ் விருந்தாளி. மேதைதான், ஆனால் விருந்தாளி. அவருக்கு அந்தக் கடைகளும் தேவாலயங்களும் அமெரிக்காவின் முகம். கிறிஸ்டன்பெரிக்கு அவை பாட்டி வீட்டுக்குப் போகிற வழி. வழியில் இருப்பதை ஒருமுறை பார்த்து யாரும் நிறுத்திக்கொள்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை, கிறிஸ்டன்பெரியிடம் புகைப்படங்களைப் பொருட்படுத்தி எடுக்கச் சொன்னதே இவான்ஸ்தான். அதுவரை கிறிஸ்டன்பெரி தன்னை ஓவியராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். குத்தகையாளர் குடிசைகளைப் பெரிய கேன்வாஸ்களில் வண்ணத்தை அள்ளிப் பூசி வரைவார். நிறம் நினைவில் நிற்கக் குறிப்புக்காக மட்டும் பிரவுனி கேமராவில் எடுத்துக்கொள்வார். அந்த கேமரா சின்ன வயதில் அவருக்கும் சகோதரிக்கும் கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டது தெருமுனை மருந்துக் கடை. 1961இல் நியூயார்க் போய் இவான்ஸைச் சந்தித்தார். இந்தக் குட்டிப் படங்களைத் தயங்கித் தயங்கித்தான் காட்டினார். இவான்ஸ் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அந்தச் சின்ன கேமரா உன் கண்ணோடு சேர்ந்தே பிறந்ததுபோல் வேலை செய்கிறது, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே என்ற பொருளில் சொன்னாராம். கலர் படம் என்றால் மூக்கைச் சுளித்த தலைமுறையின் பெரிய ஆசாமி அப்படிச் சொன்னார் என்பதைக் கருப்பு வெள்ளைப் பக்தர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

1973இல் இருவரும் சேர்ந்தே ஹேல் கவுண்டிக்குப் போனார்கள். 1936க்குப் பிறகு இவான்ஸ் அங்கே கால் வைத்தது அப்போதுதான். முப்பத்தேழு வருஷ இடைவெளி. கிறிஸ்டன்பெரியோ 1968இல் வாஷிங்டன் கார்கோரன் கலைப் பள்ளிக்கு ஆசிரியராகப் போன பிறகும் ஒவ்வொரு கோடையிலும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார். வந்து அதே கிடங்கு, அதே தேவாலயம், அதே வீடு.

பிரவுனியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோகஸ் திருப்ப முடியாது, வேகம் மாற்ற முடியாது, ஓரங்கள் மசங்கும். நம் வீடுகளில் ஒருகாலத்தில் இருந்த ஆக்ஃபா க்ளிக் த்ரீ ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்த ஜாதி கேமராவின் குணம் தெரிந்திருக்கும்: நல்ல வெயில் வேண்டும், பத்தடி தள்ளி நிற்க வேண்டும், மிச்சம் கடவுள் விட்ட வழி. அந்தப் பத்தடிதான் கிறிஸ்டன்பெரியின் நடையையே தீர்மானித்தது என்று சொல்லத் தோன்றுகிறது. கட்டடம் சட்டத்தின் நடுவில் வந்துவிடும், சாலையிலிருந்து நேருக்கு நேர் தெரியும். கோணம் தேடும் வேலையே இல்லை. பிரிண்ட் மூன்றேகால் அங்குலம், ஐந்து அங்குலம், அஞ்சலட்டையைவிடச் சிறிது. பார்க்கிறவர் முகத்தை அருகே கொண்டுபோயே ஆக வேண்டும். கொண்டுபோனால் துருவின் செம்மண் நிறமும் வானத்தின் பழுத்த நீலமும் மெல்ல மெல்லக் கசிந்து வரும்.

1977இல் சக புகைப்படக் கலைஞர் லீ ஃபிரீட்லாண்டர் தூண்டியதால் டியர்டார்ஃப் 8×10 கேமராவுக்கும் மாறினார். ஒவ்வொரு பலகையின் ரேகையும் எண்ணலாம் போலத் தெளிவு. அந்தப் பெரிய படங்களைத்தான் உயர்வாகச் சொல்கிறவர்கள் உண்டு, நிபுணர்களிலேயே பலர். இருக்கட்டும். டியர்டார்ஃப் படங்களில் கட்டடம் போஸ் கொடுப்பதுபோல் விறைப்பாக நிற்கிறது. பிரவுனி படங்களில் அது சும்மா இருக்கிறது. ஸ்ப்ராட் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இரட்டைக் கூம்புகளோடு வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம். 1971 பிரவுனி படத்தில் அது போகிற போக்கில் கண்ணில் பட்டதுபோல் இருக்கும். 1990 படத்தில் கூம்புகள் இல்லை. மழுங்கிய கூரையோடு அது நிற்பதைப் பார்க்கும்போது வருகிற வருத்தம் அந்தப் பழைய, சாதாரணமான படத்தைப் பார்த்திருந்தால்தான் வரும்.

படமெடுப்பதில் இப்போதைய நிலவரத்தைச் சொன்னால் புலம்பல் ஆகிவிடும். ஆனாலும் சொல்லாமல் தீராது. கண்காட்சிகளில் கதவு அகலத்துக்கு பிரிண்ட் போட்டு மாட்டுகிறார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஃபோனில் ஒரு பொத்தானைத் தட்டினால் நேற்று எடுத்த படத்துக்கு ஐம்பது வருஷப் பழுப்பு வந்துவிடுகிறது. கிறிஸ்டன்பெரியின் நிறங்கள் மருந்துக் கடை ரசாயனத்தில் விழுந்த நிறங்கள். அவை ஏக்கத்துக்காகப் பூசிய மஞ்சள் அல்ல. எல்லாவற்றையும்விட மோசம், பூர்வீக வீட்டை இடிக்கும் முன்னால் ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு எடுக்கிற வழக்கம். எந்தப் பிள்ளையும் தன் வீட்டை நானூறு அடி உயரத்திலிருந்து பார்த்து வளரவில்லை. திண்ணை உயரத்திலிருந்து பார்த்தது, கிணற்றடியிலிருந்து பார்த்தது, தெருவில் பந்து பொறுக்கக் குனிந்தபோது பார்த்தது, இவை அந்த வீடியோவில் வருவதில்லை. பின்னணியில் புல்லாங்குழல் மட்டும் தவறாமல் வரும்.

அவரைக் குறை சொல்கிறவர்களின் வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: கிறிஸ்டன்பெரியின் படங்களில் ஆட்களே இல்லை. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் கவுண்டியில் வெறும் கட்டடத்தையும் துருவையும் எடுத்து வைத்தால் அது வெள்ளைக்காரப் பேரனின் ஏக்கம் ஆகாதா என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். அவரிடமும் அதற்கு ஒரு பதில் இருந்தது, அழகான பதில் அல்ல. 1960 வாக்கில் டஸ்கலூசா நீதிமன்றத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் கூட்டம் நடக்கிறதென்று கேள்விப்பட்டு மாடிப்படி ஏறிப்போனார். வாசலில் முகமூடி போட்ட ஆள் ஒருவன் நின்றிருந்தான். முகமூடித் துளைக்குள்ளிருந்து கண்கள் மட்டும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவந்துவிட்டார். அந்தக் கண்கள் அவரை விடவில்லை. சாட்டின் அங்கி போர்த்திய பொம்மைகள், ஓவியங்கள், வரைபடங்கள் என்று 'க்ளான் அறை' என்ற ஒன்றைப் பல வருஷம் உருவாக்கினார். வந்தவர்கள் திகைத்தார்கள், சிலர் இதையெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று கோபித்தார்கள். 1979இல் அந்த அறையிலிருந்த பொருள்கள் களவு போயின. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் மறுபடி முதலிலிருந்து செய்யத் தொடங்கினார்.

இந்த அறையை அறியாமல் பச்சைக் கிடங்கை மட்டும் பார்க்கிறவர்களுக்குத்தான் அவர் பழசை நினைத்து உருகுகிற ஆளாகத் தெரிகிறார். பாட்டியின் சாலையும் முகமூடிக்காரனின் படிக்கட்டும் ஒரே ஊரைச் சேர்ந்தவை என்று அவருக்குத் தெரியும். காடு சூழ்ந்த ஒரு சிவப்புக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். 1974 முதல் அவர் எடுத்தது. முன்பு ஓரறைப் பள்ளிக்கூடம், பிறகு வாக்குச்சாவடி. தெற்கத்திய வாக்குச்சாவடி வாசலில் யாரைத் தடுத்தார்கள் என்ற வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பூட்டிய கதவு வெறும் நிறம் அல்ல.

கையால் செய்த சின்னக் கட்டடங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றை மாதிரி வடிவங்கள் என்று அழைத்தால் அவருக்குப் பிடிக்காது. அளவுகோல் வைத்துச் செய்தவை அல்ல, படத்தைப் பார்த்துக் கண்ணளவில் செய்தவை. அடியில் ஹேல் கவுண்டியிலிருந்து காரில் கொண்டுவந்த செம்மண்ணைச் சலித்துப் பரப்புவார். ஜோசியக் கடையையும் அப்படிச் செய்தார். நிஜக் கட்டடம் விழுந்துபோன பிறகு இதுதான் மிச்சம்.

கிறிஸ்டன்பெரி 2016 நவம்பரில் 80ஆவது வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோய். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து ராமெல் ராஸின் 'ஹேல் கவுண்டி திஸ் மார்னிங், திஸ் ஈவினிங்' என்ற ஆவணப்படம் வந்தது. கிறிஸ்டன்பெரி எடுத்த ஊரை ராஸ் தொடர்ந்து எடுக்கிறார் என்று எழுதியவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ராஸ் அந்த ஊர்ப் பிள்ளை அல்ல. 2009இல் வேலைக்காகக் குடிவந்தவர், பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். வேர்வை சொட்டும் உடம்புகள், கைக்குழந்தை, பந்து தரையில் அடிபடும் சத்தம், கிறிஸ்டன்பெரியின் சட்டத்துக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் அந்தப் படத்தில் இருக்கிறார்கள். ஆஸ்கர் ஆவணப்படப் பட்டியல் வரை போனது. முன்னவரின் பிழையை இவர் திருத்தினார் என்று ஒரு கட்சி. கட்டடங்களின் மௌனம் இவருக்குப் புரியவில்லை என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் கவனிக்காத ஒன்று உண்டு. ராஸும் அதே கவுண்டியில் ட்ரைபாடு போட்டு, பெரிய ஃபார்மட் கேமராவில் ஃபிலிம் மாட்டி, ஸ்டில் படங்களும் எடுத்திருக்கிறார். அதற்காக அவரும் அங்கே திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறார்.