பேய்க்கு ஞாபகம் இருக்கு, ஹீரோவுக்கு இல்லை

முனி வந்தது 2007-ல். பிறகு காஞ்சனா 2011, காஞ்சனா 2 2015, காஞ்சனா 3 2019. காஞ்சனா 4-க்கும் அறிவிப்பு வந்தாச்சு. 'வாட் வீ டூ இன் தி ஷேடோஸ்' என்ற அமெரிக்க பேய்க் காமெடித் தொடரின் கடைசி சீசனைப் பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. ராகவா லாரன்ஸின் இந்த வரிசைக்கு ஒரு கடைசிப் பாகம் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

இப்போது இருக்கும் அமைப்பில் எழுத முடியாது என்பதுதான் என் கட்சி.

ஹீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டினால் பயம். ராத்திரி பாத்ரூம் போக துணைக்கு ஆள் வேண்டும். சத்தம் கேட்டால் அம்மா கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்வார். படம் முடியும்போது பேயையே உடம்பில் தாங்கி வில்லன்களை முடித்துவிடுகிறார். அடுத்த பாகம் ஆரம்பித்தால் மறுபடி இடுப்பு. எங்க தொழிலில் இதை ஃபேக்டரி ரீசெட் என்போம்.

ஒவ்வொரு பாகமும் தனிக்கதைதானே, முனியில் ஹீரோ பெயரே கணேஷ்தானே என்று கேட்கலாம். சரிதான். காமெடிக்கு இந்த ரீசெட் தேவையும்கூட. பயப்படாத ராகவாவைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள்? சுந்தர் சி-யின் அரண்மனை வரிசையிலும் 2014 முதல் 2024 வரை நாலு படம், ஒவ்வொன்றிலும் புதுக் குடும்பம், புதுப் பேய்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கு. 2011 காஞ்சனாவை யோசியுங்கள். சரத்குமார் நடித்த திருநங்கை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள். தன்னைப் போன்ற இன்னொருத்தியை டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள், ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறாள். அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறாள். அவள் வலி ராகவாவின் உடம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது. காமெடிப் படம் என்று போன குடும்பங்கள் ஒரு திருநங்கையின் கதையை உட்கார்ந்து கேட்டன. சின்ன விஷயம் இல்லை. காஞ்சனா 2-ல் தலைப்பில் அவள் பெயர் இருக்கு, கதையில் அவள் இல்லை. நம் பேய்கள் எதையும் மறப்பதில்லை; பழிவாங்குவது என்பதே ஞாபகம்தானே. அதைச் சுமந்த மனுஷனுக்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை.

ஷேடோஸ் இதே சிக்கலை வேறு மாதிரி கையாள்கிறது. 2019 முதல் 2024 டிசம்பர் வரை 6 சீசன், 61 எபிசோட். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு பாழடைந்த வீடு, நூற்றாண்டுகளாகத் திருந்தாத ரத்தக் காட்டேரிகள். அதில் காலின் ராபின்சன் பேசியே எதிராளியின் தெம்பை உறிஞ்சுபவன். ஆபீஸ் மீட்டிங் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இவர்களுக்கும் ரீசெட்தான். மாறுகிறவன் கியர்மோ ஒருத்தன்தான். எடுபிடியாக இருந்தான், காட்டேரி ஆனான், திரும்ப மனுஷன் ஆனான்.

கடைசி எபிசோடில் ஆவணப்படக் குழு போதும் என்று கேமராவை மூட்டை கட்டுகிறது. கியர்மோ மட்டும் கலங்குகிறான். காட்டேரிகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை, முன்னாலும் ஒரு குழு வந்து படம் பிடித்துப் போயிருக்கிறது. யாரும் சாகவில்லை, திருந்தவுமில்லை. ஆனாலும் அது முடிவு என்று நமக்குத் தெரிகிறது. ஆறு சீசனும் ஞாபகம் உள்ள ஒருத்தன் அந்த வீட்டில் இருக்கிறான், அதனால்.

லாரன்ஸுக்கும் இவ்வளவு போதும். ராகவா பயப்படட்டும், இடுப்பிலும் ஏறட்டும். நடுவில் ஒரே ஒரு தடவை "இதுக்கு முன்னாடி என் உடம்புல காஞ்சனா இருந்தா" என்று அம்மாவிடம் சொல்லட்டும். அந்தப் படத்தைக் கடைசிப் பாகம் என்று நான் ஒத்துக்கொள்வேன்.